இரவல் துடிப்பு

எங்கள் படையில் ரகசியம் என்று ஒன்று இருந்தது என்றால் அது 'தட்டு' மட்டும்தான். அதுவும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ரகசியம். கேன்டீன்காரருக்குத் தெரியும். முகாம் வாசலில் இளநீர் விற்கிற ஹெலனுக்குத் தெரியும். கமாண்டர் ஹரிஹரனுக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் முடிவு பண்ணியிருந்தார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

முதலில் படையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் ஆளில்லாத இயந்திரங்கள் வர ஆரம்பித்த பிறகு உண்டாக்கிய படை எங்களுடையது. எந்த நாடு அனுப்புகிறது என்று தெரியாது, எந்த நாடும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அது தரையோடு தரையாக ஊர்ந்து வரும், கேபிளை அறுக்கும், வெடி வைத்துவிட்டுப் போகும். முன்பக்கம் மீசை மாதிரி கம்பிகள் இருப்பதால் அதற்குக் கெளுத்தி என்று பெயர் வைத்தோம். கவசம் மாட்டிக்கொண்டு கடல் தரையில் நடந்து போய் அதைப் பிடிப்பதுதான் எங்கள் ஆட்களின் வேலை. கவசத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையாது, நாங்கள் 'ஓடு' என்போம். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஈசிஆர் சாலை ஓரமாக இருக்கிற எங்கள் முகாமை ஊர்க்காரர்கள் ஆமைக்கொட்டாய் என்பார்கள். பஸ்ஸில் கண்டக்டரே அப்படித்தான் கூவுவார்.

நான் துர்காதேவி, ஊரப்பாக்கத்துக்காரி. கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து துடிப்புத் திரையைப் பார்ப்பது என் வேலை. கெளுத்திக்குக் காது கூர்மை. தண்ணீருக்குள் ஆள் பேசினால் அந்தச் சத்தத்தைத் தேடி வந்து வெடிக்கும். அதனால் உள்ளே போனவனிடமிருந்து கரைக்கு இரண்டே செய்திகள்தான் வரும். அவன் எங்கே இருக்கிறான் என்பதை ஓடு சொல்லும். உயிரோடு இருக்கிறானா என்பதை அவன் நெஞ்சில் ஒட்டிய பட்டை சொல்லும். இரண்டும் தனித்தனிக் கருவி, ஒன்றோடு ஒன்று பேசாது. வாங்கிப் போட்ட புண்ணியவான்களின் பிள்ளைகள் யாரும் அதை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கப் போவதில்லை என்பதால் அது போதும் என்று விட்டுவிட்டார்கள். துடிப்பு தாறுமாறாகப் போனாலோ நின்றாலோ மணி தானாக அடிக்கும், மீட்புப் படகு கிளம்பும். துடிப்பு சீராக இருக்கிறவரை படகு அசையாது. ஏனென்றால் படகுச் சத்தமும் கெளுத்தியை இழுக்கும்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். ஹவில்தார் கண்ணாயிரம்தான் அதன் தலை. முகாமுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் கூடுவார்கள். சட்டையில் இருக்கிற பதவிப் பட்டைகளைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட வேண்டும். நடுவில் ஒரு பெரிய பித்தளைத் தட்டு, அதில் பிரியாணி. சுபேதாரும் சமையல்கட்டு சிப்பாயும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். தட்டில் கைவைத்தவன் தட்டில் கைவைத்தவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான், கைவிடவும் மாட்டான். அதுதான் சத்தியம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. பிரியாணிக்கு ஏங்கி நான் கோபப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நியாயமாகவும் சொல்கிறேன், தட்டு நல்லதும் செய்திருக்கிறது. சாவு வீட்டில் பாடை தூக்க முதலில் நின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் நல்லது செய்கிற கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. தாங்கள் செய்வதெல்லாம் நல்லது என்று நம்ப ஆரம்பித்துவிடும்.

அன்று காலையில் கடலில் இறங்கியவன் முபஷ்ஷிர். புதுப்பட்டினத்துக்காரன். பயிற்சியில் எனக்கு ஜோடி. முதல் படகுப் பயணத்தில் ஒரே வாளியில் இரண்டு பேரும் வாந்தி எடுத்தோம், அந்த அளவுக்குச் சிநேகிதம். அவன் பெண்டாட்டி மலீஹா புதுப்பட்டினம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ரவிக்கையெல்லாம் அவள் தைத்தது.

கடற்கரைக் கோயிலுக்கு நேர் எதிரே, பாறைகள் இருக்கிற பக்கம் அவன் புள்ளி திரையில் நின்றுவிட்டது. வெகுநேரம் அசையவில்லை. பக்கத்தில் துடிப்பு மட்டும் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கமாண்டர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"பதுங்கியிருக்கான்" என்றார். "கெளுத்தி பக்கத்துல இருக்கும். நாடியப் பாரு, பயமே இல்ல. இவன்தான் சிப்பாய்."

சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது வாசல் காவலிலிருந்து போன் வந்தது. மலீஹா வந்திருக்கிறாளாம், என்னிடம் பேச வேண்டுமாம்.

"அக்கா, இவரு மாத்திரய வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டாரு. பாத்ததும் குடுத்துடுறீங்களா?"

"இன்னா மாத்திர?"

"அதான்க்கா, நெஞ்சு படபடன்னு தாறுமாறா அடிக்குதுனு செங்கல்பட்டு டாக்டரு குடுத்தாரே. ஒரு வேளையும் தப்பக் கூடாதுன்னாரு. காய்ச்சல் வந்ததுல இருந்தே இந்தப் பேஜாருதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏன்க்கா, உங்களுக்குத் தெரியும் இல்ல? ஆபீசுல எல்லாருக்கும் தெரியும், லேசான வேலதான் குடுக்கறாங்கன்னு சொன்னாரே!"

நான் திரையைப் பார்த்தேன். தாறுமாறா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி இருந்தது அந்தத் துடிப்பு. மலீஹாவிடம் ஏதோ சொல்லி போனை வைத்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது துடிப்பு ஏற ஆரம்பித்தது. மணி அடிக்கிற அளவுக்கு இல்லை. ஓடி ஆடுகிறவனுக்கு ஏறுகிற மாதிரி ஏறியது. ஆனால் புள்ளி அசையவில்லை. ஓட்டுக்குள் அடைபட்டு ஓர் இடத்தில் கிடக்கிற ஆள் எப்படி ஓடுவான்? ஜன்னலுக்கு வெளியே விசில் சத்தம் கேட்டது. மைதானத்தில் வாலிபால் ஆரம்பித்திருந்தார்கள். தட்டில் சேர்ந்த சிப்பாய் ஜோஷ்வா எகிறி எகிறிப் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். அவன் எகிறும்போதெல்லாம் திரை எகிறியது. பந்து வேலிக்கு வெளியே போய்விட்டது, அவன் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினான். திரையில் முபஷ்ஷிரின் துடிப்பு மெல்ல இறங்கியது.

துடிப்பு மாற்றுகிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. குடித்துவிட்டு வந்தவனுக்கு, தூக்கமில்லாதவனுக்கு, உடம்பு சரியில்லாதவனுக்கு, தட்டில் ஒருவன் அவனுடைய பட்டையைத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கரையில் இருப்பானாம். கேன்டீன் வம்பு என்று நினைத்திருந்தேன். கடலடியில் நடக்கிறவனுக்குத் துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்கினால்தான் கமாண்டர் நம்புவார் என்று வாலிபால் வேறு ஆடுகிறார்கள், எவ்வளவு யோசனை பாருங்கள்.

நாற்காலியை அனுவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அனு என்னோடு அறையில் இருக்கிறவள், "எங்கக்கா போற?" என்று கத்தினாள். மணியை நானே அமுக்கியிருக்கலாம். ஆனால் என் சந்தேகம் தப்பாக இருந்து, அவன் உண்மையிலேயே கெளுத்திக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்தால், படகை அனுப்பி நானே அவனைக் கொன்ற மாதிரி ஆகும். கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

மைதானத்தில் எல்லார் முன்னாலும் ஜோஷ்வாவின் பனியன் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நெஞ்சில் பட்டை. அதில் முபஷ்ஷிரின் எண்.

"அக்கா, கத்தாதக்கா" என்றான் ஜோஷ்வா. முகம் வெளிறிவிட்டது.

"இது உன் நெஞ்சுல இருந்தா அவன் நெஞ்சுல இன்னாடா கீது?"

விசில் ஊதிக்கொண்டிருந்த கண்ணாயிரம் வந்தார். "வாம்மா, உள்ள வந்து பேசு" என்று என்னையும் ஆட்களையும் மோட்டார் கொட்டகைக்குள் கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார்.

"அவன் அசையாம கெடக்கறான்" என்றேன். "மாத்திர போடல. நெஞ்சு கோளாறு. செத்தாகூட என் திரையில இவன் வாலிபால்தான் ஓடும். பெல் அடிங்க."

"பெல் அடிச்சா தட்டு போச்சு" என்றார் கண்ணாயிரம். குரலில் பதற்றம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "எத்தினி பேருக்கு வேல போவும் தெரியுமா? எத்தினி குடும்பம்? தட்டு ஆள தட்டே தூக்கும். இதுவரைக்கும் யாரயும் வுட்டதில்ல. நாங்க மூணு பேரு ஓடு மாட்டிகினு எறங்கறோம். சத்தம் இல்லாம கொண்டாந்துடுவோம்."

"அப்ப எறங்குங்க!"

இறங்கினார்களா? கேளுங்கள் கூத்தை. ஓட்டின் புள்ளியை அணைத்துவிடலாம், ஆனால் டூட்டியில் இருக்கிற எல்லார் துடிப்பும் திரையில் ஓடுமே, மூன்று பேர் உத்தரவில்லாமல் கடலில் இறங்கினால் அந்த மூன்றும் எகிறுமே, கமாண்டர் கேட்பாரே. அதனால் அந்த மூன்று பேரின் பட்டையையும் கரையில் மூன்று பேர் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த மூன்று பேரின் பட்டையை என்ன செய்வது? அவர்கள் துடிப்பும் திரையில் ஓட வேண்டும் இல்லையா? யாருக்கு யார் துடிப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். கலைவாணனுக்கு எப்போதுமே துடிப்பு வேகம், அவன் கண்ணாயிரத்துக்குத் துடித்தால் சந்தேகம் வரும் என்றான் ஒருவன். தமிழ்வாணன் டூட்டி முடிந்து தூங்குகிறான், அவனை எழுப்பலாமா என்றான் இன்னொருவன். வேண்டாம், அவன் புதுசு, இன்னும் ஒருமுறைதான் சாப்பிட்டிருக்கிறான், நம்ப முடியாது என்றார்கள். ஒருவன் ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், கைதூக்கினார்கள்.

கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒவ்வொருவன் முகத்திலும் முபஷ்ஷிர் மேல் பாசம் இருந்தது. ஒருவன் அழவே ஆரம்பித்துவிட்டான். அழுதுகொண்டே பட்டையைப் பற்றித்தான் பேசினான். ஆள் அங்கே தண்ணீரில் கிடக்க, இங்கே கொட்டகையில் சகோதர பாசத்தில் உருகுகிறார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்க, உங்களுக்குத்தான்டா சொல்லி வெச்சிருக்காங்க!" என்று கத்தினேன். "தின்ற நேரத்துல தட்டுல எத்தினி கை! இப்ப ஒருத்தன் கைய நீட்டறானாடா?"

"மரியாதயா பேசு துர்கா" என்றார் கண்ணாயிரம். "உனுக்கு இது புரியாது. இது வேற மாதிரி பந்தம்."

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. புரியாதாம். திரும்பிப் பார்த்தேன். ஜோஷ்வா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், பனியன் கிழிந்து, பட்டை வெளியே தெரிந்தபடி. அவன் நெஞ்சில் என் கையை வைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பாக உரித்தேன். நெஞ்சு முடியெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது, அவன் ஐயோ என்று அலறினான். பட்டை என் கையில் தொங்கியது. யாருடைய துடிப்பும் இல்லாமல்.

முகாம் முழுக்க மணி அடிக்க ஆரம்பித்தது.

கண்ணாயிரம் என்னைப் பார்த்து, "இன்னாம்மா பண்ணிட்ட" என்றார். வெளியே மீட்புப் படகின் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. படகுத்துறையை நோக்கி ஓடினேன். ஓடும்போது, கெளுத்தி எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன்.

கெளுத்தி இல்லை. பாறைக்கிடையில் யாரோ விட்டுப் போன பழைய இழுவலையின் இரும்புக் கயிறு ஓட்டின் காலில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான ஆளாக இருந்திருந்தால் நிதானமாக அறுத்துக்கொண்டு வந்திருப்பான். இவனுக்கு இழுத்த இழுப்பில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்து, மயக்கம் வந்து, விழுந்துவிட்டான். தூக்கி வந்து ஓட்டைத் திறந்தபோது உதடெல்லாம் நீலம். கொஞ்ச நேரம் போயிருந்தால் வெறும் ஓட்டைத்தான் தூக்கி வந்திருப்போம் என்றார் படகில் இருந்த மருத்துவர். ஓட்டைத் திறக்கும்போது கமாண்டரும் பார்த்தார், அவன் நெஞ்சில் பட்டை இல்லை. என் கையில் இருந்த பட்டையையும் பார்த்தார். மறுநாள் மதியம் விசாரணை என்று மட்டும் உத்தரவு வந்தது.

மறுநாள் காலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முபஷ்ஷிர் கண் விழித்திருந்தான். அதிர்ச்சியாக எதுவும் பேச வேண்டாம் என்று நர்ஸ் ஜெசிந்தா சொல்லி அனுப்பினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மலீஹா. அவள் என்னிடமும் பேசவில்லை, அவனிடமும் பேசவில்லை. 'எல்லாருக்கும் தெரியும்னு சொன்னாரே' என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் இரவெல்லாம் மென்றிருப்பாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏன் துர்கா உரிச்ச?" என்றான் முபஷ்ஷிர்.

நன்றி எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை.

"உரிக்காம? உன் மய்யத்துக்கு வந்துருக்கவா?"

"தட்டு வந்துகினு இருந்துச்சு. எனக்குத் தெரியும். கண்ணாயிரம் அண்ணாத்த வுட மாட்டாரு. நீ அவசரப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துட்ட. ஜோஷ்வாக்கு வேல போவும். எல்லாருக்கும் போவும்."

"யாரும் வரல முபஷ்ஷிர். கொட்டகையில உக்காந்து யாருக்கு யார் துடிக்கிறதுன்னு கை தூக்கிகினு இருந்தாங்க."

"பொய்" என்றான். சாந்தமாகத்தான் சொன்னான். "உன்ன சேக்கலன்னு உனுக்குக் கடுப்பு."

கட்டிலைத் தள்ளிவிட்டு வெளியே போயிருப்பேன். நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கண்ணாயிரம் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு நான் இல்லாத மாதிரியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்டி கீறப்பா?"

"பரவால்லண்ணாத்த."

"அல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. மதியம் விசாரண. கேளு, யோசிச்சித்தான் சொல்றேன். பட்டைய ஒட்டிக்கச் சொல்லி ஜோஷ்வாவ நீதான் மிரட்டுனன்னு சொல்லிடு. வேற யாருக்கும் ஒண்ணியும் தெரியாது. உனுக்கு நெஞ்சு கோளாறுன்னு தெரிஞ்சிபோச்சு, கடல் வேல எப்டியும் இல்ல. மத்தவங்களாவது பொழைக்கட்டும். உன் குடும்பத்த தட்டு பாத்துக்கும்."

மலீஹா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். நேற்று அவன் பெயரைச் சொல்லி அழுத கூட்டம், விடிவதற்குள் அவனைத் தராசில் போட்டு எடை பார்த்துவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் முபஷ்ஷிர் தலையசைத்தான்.

"சரிண்ணாத்த. சொல்லிடறேன்."

"நீதான்டா ஆம்பள" என்று கண்ணாயிரம் அவன் தோளைத் தட்டினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுண்ணாத்த" என்றான் முபஷ்ஷிர். கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை. மடக்கவும் கேட்கவில்லை. என்னிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கேட்டான். "இவ பட்டைய உரிக்கும்போது நீங்க ஓடு மாட்டிகினுதான இருந்தீங்க?"

கண்ணாயிரம் ஆரஞ்சுப் பையைக் கட்டிலடியில் வைத்தார். "அது இப்ப எதுக்குப்பா. விசாரணயில இன்னா கேப்பான்னு மொதல்ல பேசுவோம்."

"கெளம்பிட்டீங்க இல்ல?"

"கெளம்பணும்னுதான் எல்லாரும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "நீ ரெஸ்ட் எடு. அப்பால பேசலாம்."

முபஷ்ஷிர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு மேலே இருந்த கருவியில் அவன் துடிப்பு எகிறியது, தடுக்கியது, மறுபடி எகிறியது. அறையில் எல்லாருக்கும் அது கேட்டது. மலீஹா எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ கெடந்தேன் இல்ல" என்றான் முபஷ்ஷிர், மூச்சை இழுத்து இழுத்து. "பேசக் கூடாதுன்னு சட்டம். பேசுனா கெளுத்தி வரும். நான் பேசுனேண்ணாத்த. ஓட்டுக்குள்ள உம் பேரச் சொல்லிக் கத்திகினே இருந்தேன். என் பொண்டாட்டி பேரச் சொல்லல. அல்லாஹ் பேரக் கூடச் சொல்லல. உம் பேரத்தான் சொன்னேன்."

கண்ணாயிரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக. ஏதாவது சொல்லி இதை நிறுத்து என்று அந்தக் கண் கெஞ்சியது. முபஷ்ஷிருக்காகக் கெஞ்சினாரா, தனக்காகவா என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசை இல்லை.

"துர்கா" என்றான் முபஷ்ஷிர். "கமாண்டர இங்க வரச் சொல்லு. மதியம் வரைக்கும் வேணாம், இப்பவே."

"யோசிச்சி பேசுடா" என்று எழுந்தார் கண்ணாயிரம்.

"நீ மொதல்ல வெளிய போண்ணாத்த" என்றாள் மலீஹா.

நான் வராந்தாவுக்கு வந்து கமாண்டருக்குப் போன் போட்டேன். "இப்பவே வாங்க சார்" என்றேன்.